வீட்டில் பாட்டுக் கேட்க எந்த ஹெட்போன்? திருத்துகிறவன் கணக்கு

"அண்ணை, மாமா கனடாவிலை இருந்து வாறார். பாட்டுக் கேக்க நல்ல ஹெட்போன் ஒண்டு கொண்டுவரச் சொல்லோணும். எது சொல்ல?" நல்லூர்த் திருவிழாக் காலம் நெருங்கினால் என் கடையில் இந்தக் கேள்வி தவறாது. நான் வன்னியில், பரந்தனில் ரேடியோ, போன், அம்பிளிபயர் திருத்துகிறவன். ஹெட்போன் விற்பதில்லை. என் மேசைக்கு வருவதெல்லாம் பழுதானவை என்பதால் எது எப்படிச் சாகும் என்று நன்றாகத் தெரியும். பழுதானால் திருத்த முடியுமா என்று மட்டும் வாங்குகிறவர்கள் யாரும் கேட்பதில்லை.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்னியில் வீட்டில் இருந்து பாட்டுக் கேட்க வயர் உள்ளதாக, காதைச் சுற்றி உட்காருவதாக, பின்பக்கம் திறந்ததாக, துணி மெத்தை போட்டதாக, வயரைக் கழற்றி மாட்டக்கூடியதாக ஒன்றை வாங்குங்கள். இதிலிருந்து விலகக் காரணம் உள்ளவர்கள் விலகலாம்.

பின்பக்கம் திறந்தது என்றால் காதுக் கிண்ணத்தின் வெளிப்புறம் வலை போட்டிருக்கும். உள்ளே இருக்கிற சிறு ஸ்பீக்கர் பின்னால் தள்ளுகிற சத்தம் அடைபடாமல் வெளியே போய்விடும். மூடிய வகையில் அது கிண்ணத்துக்குள் மோதித் திரும்பும். கெட்டித்தனமாகச் செய்தவர்கள் அதை அடக்கிவிடுவார்கள்; மலிவாகச் செய்தால் பாஸ் என்கிற அடிச்சத்தம் வீங்கி, பாடுகிறவர் குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுகிற மாதிரி இருக்கும். திறந்த வகையில் பாட்டு மண்டைக்குள் நெரிபடாமல் கொஞ்சம் வெளியே நிற்கும். ஜேர்மனியின் சென்ஹைசர் 1968 இல் எச்டி 414 என்ற மொடலோடு இந்த வகையைத் தொடக்கி வைத்தது.

நகரத்து ஆட்கள் மூடியதைத்தான் வாங்கச் சொல்வார்கள். அவர்கள் வீட்டுக்கு வெளியே பஸ் ஓடுகிறது. இங்கே இரவு எட்டு மணிக்குப் பிறகு என்ன சத்தம்? மின்விசிறி, தவளை, எங்கேயோ ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். அதை அடைப்பதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. அதோடு, படலையில் ஆள் கூப்பிட்டால் நமக்குக் கேட்க வேண்டும், நாய் குரைத்தாலும் கேட்க வேண்டும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் காட்டோரம் இருக்கிறவர்களுக்கு யானை வெடிச் சத்தமும் கேட்க வேண்டும்.

விலகுவதற்கான காரணங்களும் உண்டு. திறந்த ஹெட்போனில் நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் மெல்லிதாகக் கேட்கும். அதே அறையில் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறதென்றால் அது நியாயமில்லை. தகரக் கூரை வீடு என்றால் கார்த்திகை மழையில் திறந்த ஹெட்போனால் ஒரு பயனும் இல்லை. கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் திருவிழா நாட்களில் ஒலிபெருக்கியே போதும், எந்த ஹெட்போனும் வேண்டாம். இப்படிப்பட்டவர்கள் மூடியதையே வாங்கலாம்.

இனி மெத்தை. செயற்கைத் தோல் மெத்தை கடையில் பார்க்கும்போது பளபளவென்று இருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் அரை மணி நேரம் மாட்டிப் பாருங்கள், காதைச் சுற்றி வேர்வை ஓடும். வேர்வையும் தலைக்கு வைக்கிற எண்ணெயும் சேர்ந்தால் அந்தத் தோல் உரிந்து கறுப்புத் தவிடு போலக் கன்னத்தில் ஒட்டும். என்னிடம் வருகிறவற்றில் ஸ்பீக்கர் நன்றாக இருந்தும் மெத்தை போனதால் மூலையில் கிடந்தவை நிறைய. வெல்வெட் மாதிரியான துணி மெத்தை எண்ணெயை உறிஞ்சும்தான். ஆனால் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட்டால் திரும்பவும் மாட்டலாம். ஒன்றைக் கவனியுங்கள்: மெத்தை மாறினால் சத்தமும் மாறும். ஆகவே அதே மொடலுக்கான மெத்தையைத் தேடுங்கள். வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கிறவர்கள் ஒரு சோடி மேலதிக மெத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பிறகு அதற்கென்று தனியாக யாரும் பார்சல் போட மாட்டார்கள்.

மாட்டிப் பார்க்கும்போது காது மடல் கிண்ணத்துக்குள் முழுதாக அடங்க வேண்டும், உள்ளே இருக்கிற துணியில் முட்டக்கூடாது. கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடும், தோடு போடுகிறவர்கள் தோட்டோடும் மாட்டிப் பாருங்கள். கடையில் ஐந்து நிமிடத்தில் தெரியாத இறுக்கம் வீட்டில் ஒரு மணி நேரத்தில் தலையிடியாகும்.

அடுத்தது, பெட்டியில் எழுதியிருக்கிற இலக்கங்கள். 5 இலிருந்து 40,000 ஹேர்ட்ஸ் வரை என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மனிதக் காதுக்கு 20 இலிருந்து 20,000 வரைதான், வயது போனால் மேல் எல்லை இன்னும் இறங்கும். பார்க்க வேண்டிய இலக்கம் ஓம், அதாவது மின்தடை. போனில் நேரடியாகப் போடுவதென்றால் 32 இலிருந்து 80 ஓம் வரை பெரும்பாலும் பிரச்சினை இல்லை. 250, 300 ஓம் என்றால் ஒரு சிறு அம்பிளிபயர் வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் சோர்ந்துபோய் வரும். ஓமோடு டெசிபலையும் பாருங்கள். கூடிய டெசிபல் என்றால் குறைந்த வலுவிலேயே சத்தம் போடும். ஆனால் சிலர் ஒரு மில்லிவாற்றுக்கும் சிலர் ஒரு வோல்ற்றுக்கும் கணக்குப் போட்டு எழுதுவார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும்.

இப்போது பல போன்களில் 3.5 மில்லிமீற்றர் ஓட்டை இல்லை. சார்ச் போடுகிற வாயில் மாட்டுகிற சிறு வயர் ஒன்று வாங்க வேண்டும். மலிவானவற்றில் சில வெறும் வயர்தான், உள்ளே இலக்க ஒலியை மாற்றுகிற சிப் இருக்காது. அவை சில போன்களில் வேலையே செய்யாது. சிப் உள்ளதைக் கேட்டு வாங்கி, கடையிலேயே உங்கள் போனில் போட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். அப்பிளின் சிறு வயர் நல்ல சாமான், ஆனால் சில அன்ரொயிட் போன்களில் சத்தம் குறைவாக வரும்.

தனி அம்பிளிபயர் வைக்கிறவர்கள் கரண்ட்டையும் யோசியுங்கள். சோலார் இன்வேர்ட்டர் மலிவானது என்றால் அதன் இரைச்சல் அம்பிளிபயருக்குள் வந்து நல்ல ஹெட்போனில் தெளிவாகக் கேட்கும். போன் தன் பற்றரியில் ஓடுவதால் அந்தத் தொல்லை இல்லை. நான் ஈயம் பிடிக்கப் பழகியதே இந்த மாதிரி இரைச்சலோடு மல்லுக்கட்டித்தான். கரண்ட்டும் இல்லை, பற்றரிக்கும் தடை என்ற போர்க் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, 6 வோல்ற் டைனமோவில் ரேடியோ கேட்டோம். டைனமோ தருவது மாறுமின்னோட்டம். டயோட்டும் கப்பாசிற்றரும் போட்டு அதை நேராக்கினால்தான் செய்தி வாசிப்பவரின் குரல் கேட்கும், இல்லாவிட்டால் உறுமல்தான். சுற்றுகிறவருக்குக் கை சோர்ந்தால் செய்தியும் சோரும்.

சரி, பெயர்களுக்கு வருவோம். எடுப்பிக்க வசதி உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது சென்ஹைசர் எச்டி 560எஸ். திறந்தது, துணி மெத்தை, வயர் கழரும், 120 ஓம். சிப் உள்ள நல்ல சிறு வயர் இருந்தால் வீட்டில் கேட்கப் போதுமான சத்தம் வரும். அம்பிளிபயர் வைத்திருக்கிறவர் என்றால் அதே நிறுவனத்தின் எச்டி 600. 1997 இல் வந்த மொடல், 300 ஓம், இன்றும் விற்கிறார்கள். மெத்தை, வயர், தலைப்பட்டி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றலாம். திருத்துகிறவனுக்கு இதைவிட மரியாதை தருகிற ஹெட்போன் கிடையாது. மூடியது வேண்டும் என்றால் பேயர்டைனமிக் டிடி 770 புரோ, 80 ஓம் உள்ளது. துணி மெத்தை, முரட்டு உடம்பு. வயர் மட்டும் கழராது, அறுந்தால் என்னைப் போல ஒருவரிடம் வர வேண்டும். அதன் திறந்த தம்பி டிடி 990 புரோவை நம் ஆட்களுக்கு நான் சொல்வதில்லை. மேல் சத்தம் கூரானது. நாதஸ்வரம் கேட்கிற காதுக்கு ஆகாது. ஒடியோ-டெக்னிக்கா எம்50எக்ஸ் 38 ஓம், போனுக்கு ஒத்துப்போகும், கழற்றக்கூடிய மூன்று வயர் வரும், ஆனால் செயற்கைத் தோல். கையில் காசு குறைவு என்றால் கொஸ் போர்ட்டா புரோ. 1984 இல் வந்தது, காதின் மேல் உட்காருகிற சின்ன வகை, பஞ்சு மெத்தை, 60 ஓம். பார்க்க விளையாட்டுச் சாமான் போல இருக்கும், பாட்டு அப்படி இருக்காது.

பெயரை நம்பி மட்டும் வாங்காமல் காதாலும் சோதியுங்கள், அதற்கு நம் இசையே போதும். தவில், நாதஸ்வரப் பதிவு ஒன்றைப் போடுங்கள். நம் காது 2,000 இலிருந்து 5,000 ஹேர்ட்ஸ் வரை மிகக் கூர்மை, நாதஸ்வரத்தின் வலுவும் அந்தப் பக்கம் நிறைய. ஹெட்போன் அந்த இடத்தில் தூக்கலாக இருந்தால் இரண்டாவது கீர்த்தனைக்குள் கழற்றி வைத்துவிடுவீர்கள். தவிலில் ஒரு பக்கம் விரல் கூடு, மறுபக்கம் கழி. இரண்டு அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், கழியின் அடி விழுந்தவுடன் அடங்க வேண்டும். இழுபட்டு உருண்டால் அது வீங்கிய பாஸ். பிறகு அறுபதுகளின் சினிமாப் பாட்டு ஒன்று. அவை மோனோவில், அதாவது இரண்டு காதுக்கும் ஒரே ஒலியாகப் பதிவானவை, குரல் நெற்றிக்கு நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டு ஸ்பீக்கரும் சமமில்லை. கடைசியாக இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டு: பாஸ் கித்தார் போகிற வழியை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவுவரை போக முடிகிறதா என்று பாருங்கள். சோதிக்கும்போது போனில் உள்ள பாஸ் கூட்டுகிற வசதிகளை நிறுத்திவிடுங்கள். அளவைக் குறைக்கத் திரும்பத் திரும்ப நெருக்கிய எம்பி3 கோப்பிலும் சோதிக்க வேண்டாம்.

குரல் சாய்ந்தால் உடனே ஹெட்போனைக் குறை சொல்லாதீர்கள். இங்கே இதைக் கட்டாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஒரு பக்கம் சத்தம் குறையுது" என்று கொண்டுவருகிற ஹெட்போனை அளந்து பார்த்தால் ஒரு பழுதும் இருக்காது. ஹெட்போனைத் திருப்பி, இடது கிண்ணத்தை வலது காதில் மாட்டச் சொல்வேன். குறைவு கிண்ணத்தோடு இடம் மாறினால் பழுது ஹெட்போனிலோ போனிலோ. அதே காதில் நின்றால் காதுதான். ஷெல் விழுந்த இடத்துக்குக் கிட்ட இருந்தவர்கள் இங்கே எத்தனை பேர். பலருக்கு ஒரு காது மந்தம், சிலருக்கு இரவில் 'கீ' என்று இரைந்துகொண்டே இருக்கும். இதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். போனின் அமைப்புகளில் அணுகல் வசதி என்ற பகுதியில் இடம் வலம் சத்தத்தைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம், இரண்டையும் கலந்து மோனோவாகவும் ஆக்கலாம். ஒரு காது முற்றாகக் கேட்காதவருக்கு மோனோ ஆக்கிக் கொடுத்தால் அதுவரை காணாமல் போயிருந்த வயலின் திரும்பி வரும். இரைச்சல் உள்ளவர்களுக்கும் திறந்த வகையே நல்லது என்பேன். காதை அடைத்தால் அந்தக் 'கீ' இன்னும் மேலே வரும்.

சத்தத்துக்கும் அளவு உண்டு. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என்று வைத்திருக்கிறது. திறந்த ஹெட்போன் போட்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுவது கேட்கவே இல்லை என்றால் சத்தம் கூடிப்போய்விட்டது.

புளூடூத் ஹெட்போன் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சமைத்துக்கொண்டு, வீடு கூட்டிக்கொண்டு கேட்க வசதிதான். ஆனால் உள்ளே உள்ள பற்றரிக்குச் சில வருட ஆயுள்தான், பலவற்றை உடைக்காமல் திறக்க முடியாது. சத்தம் அடக்குகிற வசதிக்கு மேலதிகக் காசு கேட்பார்கள். அது ஒரே சுருதியில் இரைகிற சத்தத்தைத்தான் நன்றாக அடக்கும். அரிசி ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர் வாங்கலாம், மற்றவர்களுக்கு வீட்டில் தேவையில்லை.

போலிகளும் வருகின்றன. பெட்டியும் எழுத்தும் அசல் மாதிரியே இருக்கும். மல்ரிமீற்றரை ஓமில் வைத்து, வயர் முனையில் உள்ள ஜாக்கின் நுனிக்கும் அடிக்கும் பிடித்தால் இடது பக்கம், நடு வளையத்துக்கும் அடிக்கும் பிடித்தால் வலது பக்கம். வருகிற இலக்கம் பெட்டியில் போட்டதற்குக் கிட்ட, பெரும்பாலும் கொஞ்சம் குறைவாக இருக்கும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 300 ஓம் என்று எழுதியது 30 காட்டினால் பேச்சே வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். விலை கூடிய தனி வயர் போட்டால் பாட்டு இனிக்கும் என்பதையும் நம்பாதீர்கள். வயர் அறாமல் இருந்தால் போதும். அறுவது பெரும்பாலும் ஜாக்குக்குக் கிட்டத்தான், ஆகவே ஜாக்கைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

கேட்டு முடித்ததும் சுவர் ஆணியில் தொங்கவிட வேண்டாம், புழுதி வலைக்குள் போகும். வேர்வை காயக் கொஞ்ச நேரம் விட்டு, பிஸ்கட் ரின்னில், புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிலிக்காப் பை ஒன்றையும் போட்டு மூடிவையுங்கள். மழைக் காலத்தில் பூஞ்சணம் பிடிக்காது, எலியும் வயரைக் கடிக்காது.