செடி கூழாகிறது, கண்ணாடியில் புழு நெளிகிறது: புது மீன் தொட்டியில் அவசரப்பட்டுச் செய்யும் தவறுகள்

கானாடுகாத்தானிலிருந்து ஒரு தம்பி போனில் படம் அனுப்பியிருந்தார். "அண்ணே, மீன் தொட்டி வச்சு 10 நாள்தான் ஆச்சு. உள்ளே நட்ட கிரிப்டோகோரைன் செடியெல்லாம் கூழாப் போச்சு, பிடுங்கிப் போட்டுட்டேன்." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குப்பைக் கூடையில் கிடந்த செடிகளின் வேர் வெள்ளை வெளேரென்று விறைப்பாக இருந்தது. அத்தனையும் உயிருள்ள செடி. உடனே கூப்பிட்டுத் திரும்ப நடச் சொன்னேன்.

கடையில் வாங்கும் மீன் தொட்டிச் செடிகளில் பெரும்பாலானவை பண்ணையில் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்ந்தவை. அந்த இலைகள் தண்ணீருக்குள் மூழ்கினால் தாங்காது, உதிரும், கரையும். கிரிப்டோகோரைன் ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு மாற்றினாலே இலையைக் கொட்டிவிடும் சுபாவம் கொண்டது. அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் செடி பிழைக்கும். கொழகொழவென்று நாற்றம் அடித்தால்தான் போய்விட்டது என்று அர்த்தம். கெட்டியாக இருப்பதில் அழுகிய இலையை மட்டும் அடியோடு வெட்டி எடுங்கள். உள்ளேயே விட்டால் மீனுக்கு விஷமான அம்மோனியா ஏறும். வேரைத் தொட வேண்டாம். மூன்று, நான்கு வாரத்தில் தண்ணீருக்கென்றே பிறந்த புது இலை வரும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் கதை வேறு. இவற்றின் கிழங்குத் தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அழுகிவிடும். நூலால் கல்லிலோ கட்டையிலோ கட்டி வைத்தால் போதும். ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளி தெரிந்தால் நோய் என்று வெட்டாதீர்கள். அது வித்துப் பை. கொஞ்ச நாளில் இலை நுனியிலேயே குட்டிச் செடி முளைத்து, கறுப்பு வேர் தொங்கும். பார்க்கவே அழகாக இருக்கும்.

உரத்தை அள்ளிப் போடுவதும் அவசரம்தான். பழைய இலையில் ஊசி குத்தினாற்போல் ஓட்டை விழுந்தால் பொட்டாசியம் குறைவு, புது இலை வெளுத்து வந்தால் இரும்பு குறைவு என்று கணக்கு உண்டு. ஆனால் முதல் மாதத்தில் வேரே பிடிக்காத செடியில் இந்தக் கணக்கு செல்லாது.

அடுத்தது தண்ணீர். நம் பக்கம் ஊருக்கு ஊர் தண்ணீர் மாறும். காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீரின் இனிப்பு பேர் போனது. ஆனால் நாலு தெரு தள்ளி ஒரு வீட்டு போர்வெல் தண்ணீரில் பாத்திரமெல்லாம் வெள்ளைப் படிவம் பிடிக்கும். உங்கள் வீட்டுத் தண்ணீரை கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்துவிட்டுச் செடியைத் தேர்ந்தெடுங்கள். அழகுக்காக உடைந்த ஆத்தங்குடித் தரைக் கல்லையும் பழைய சுவர்க் காரையையும் தொட்டிக்குள் வைக்கிறார்கள். வேண்டாம். முன்னது சிமெண்ட், பின்னது சுண்ணாம்பு. இரண்டும் தண்ணீரைக் கடினமாக்கும், பி.ஹெச். ஏறும், அதாவது தண்ணீர் காரமாகும். எந்தக் கல்லானாலும் இரண்டு சொட்டு வினிகர் விட்டு, நுரைத்தால் ஒதுக்கிவிடுங்கள்.

வீட்டு வளவு முற்றத்து வெயில் நேரே விழும் இடத்தில் தொட்டியை வைத்தால் பாசி அப்பிவிடும். லைட் ஆறு மணி நேரம் போதும், டைமர் போட்டுவிடுங்கள். முதல் வாரங்களில் படியும் பழுப்புத் தூசி டயாட்டம் என்ற பாசி. துடைத்துவிட்டு விட்டுவிடுங்கள், தானே அடங்கும். சித்திரை, வைகாசியில் சின்ன ஃபேனைத் தண்ணீர் மேல் ஓட விட்டால் சூடு இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். போர்வெல் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு சேர்ந்துகொண்டே போகும்.

சரி, புழு. எனக்கு வரும் போன்களில் பாதி இதற்குத்தான். இரவில் லைட்டை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை நூல் மாதிரி நெளிந்து நெளிந்து நீந்தினால் அது கழிவு தின்னும் புழு. மீனுக்குத் தீனி அதிகமாகப் போடுகிறீர்கள் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். துள்ளித் துள்ளி ஓடும் வெள்ளைப் புள்ளி சைக்ளோப்ஸ். மீன் குஞ்சுக்கு நல்ல இரை. கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போவது, முக்கோணத் தலை, அதில் இரண்டு கண் என்றால் பிளனேரியா என்ற தட்டைப்புழு. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நூல் நூலாகக் கை நீட்டினால் ஹைட்ரா. இறால் குட்டி இருக்கும் தொட்டியில் இந்த இரண்டும் ஆபத்து.

அதற்காக நசுக்காதீர்கள். துண்டானால் ஒவ்வொரு துண்டும் முழுப் பிளனேரியாவாக வளரும், ஹைட்ராவும் அப்படித்தான். முதலில் தீனியைக் குறைத்து, அடிமண்ணை டியூப்பால் உறிஞ்சுங்கள். அப்புறமும் குறையவில்லை என்றால் மருந்து. பிளனேரியாவுக்கு விற்கும் பொடி ஒன்றில் சரக்கே நம் பாக்குச் சாறுதான். அதற்காக வெற்றிலைத் தட்டுப் பாக்கை உள்ளே போட்டுவிடாதீர்கள், அளவு தவறினால் எல்லாம் போகும். நாய்ப் பூச்சி மருந்தான ஃபென்பெண்டசோல் பிளனேரியா, ஹைட்ரா இரண்டையும் கொல்லும், கூடவே சில வகை நத்தையையும் கொல்லும். செம்பு கலந்த மருந்து இறாலை மிச்சம் வைக்காது.

நத்தையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அழுகலைத் தின்கிறது, தீனி குறைந்தால் அதுவும் குறையும்.

ஊரணியிலிருந்து வேலம்பாசி அள்ளி வந்து நேரே தொட்டியில் போடுவதுதான் என்னைப் பதற வைக்கும். அதில் ஊசித்தட்டான் குஞ்சு வரும். மெலிந்த உடம்பு, வாலில் மூன்று இறகு. கட்டையோரம் அசையாமல் இருந்து இறாலையும் மீன் குஞ்சையும் ஒவ்வொன்றாகப் பிடிக்கும். செடியை முதலில் ஒரு வெள்ளை வாளியில் இரண்டு வாரம் தனியாக வையுங்கள். தினமும் ஒருமுறை உலுக்கி, அடியில் எது நகர்ந்தாலும் எடுத்துவிடுங்கள். இலையடியில் ஜவ்வு மாதிரி நத்தை முட்டை ஒட்டியிருந்தால் விரலாலேயே வழித்துவிடலாம்.