புள்ளடி போடும் முன்: இலங்கை வாக்காளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை நாடாளுமன்றத் தேர்தலில் ‘எங்கள் தொகுதி எம்.பி.’ என்று யாரும் கிடையாது. பேச்சில் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் 1989 பொதுத்தேர்தலிலிருந்து ஆசனங்கள் தேர்தல் மாவட்டத்துக்குத்தான். நிர்வாக மாவட்டங்கள் 25, தேர்தல் மாவட்டங்கள் 22. கிளிநொச்சிக்காரரின் வாக்கு யாழ்ப்பாணத்தோடு சேரும். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னி. உங்கள் தொகுதியில் ஒரு கட்சி முந்திவிட்டது என்று இரவிலேயே வெடி கொளுத்த வேண்டாம், மாவட்டம் முழுவதையும் கூட்டித்தான் கணக்கு.

எனக்கு உண்மையிலேயே மனம் வருந்துவது வாக்குச்சீட்டில் நடக்கும் பிழைகளைப் பார்த்துத்தான். “கட்சி வேண்டாம், அந்த நல்ல மனிதருக்கு மட்டும் போடுகிறேன்” என்று விருப்பு இலக்கத்தில், அதாவது அந்த வேட்பாளரின் எண்ணில், மட்டும் புள்ளடி (X அடையாளம்) போட்டால் அது எண்ணப்படாது. முதலில் கட்சிக்கு அல்லது சுயேச்சைக் குழுவுக்கு ஒரு புள்ளடி, அதுவும் ஒன்றுக்கு மட்டும். அப்புறம்தான் இலக்கங்கள். அந்த இலக்கங்களும் நீங்கள் தெரிவு செய்த கட்சியின் வேட்பாளர்களையே குறிக்கும். வேறு கட்சி வேட்பாளரை மனதில் வைத்து 3இல் புள்ளடி போட்டால், உங்கள் கட்சியின் 3ஆம் இலக்கக்காரருக்கே அது போகும். மூன்று பேர் வரை தெரிவு செய்யலாம், ஒருவரோடு நிறுத்தினாலும் சரி. மூன்றைத் தாண்டினால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்குகள் போய்விடும். ஜனாதிபதித் தேர்தலைப் போல 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவதும் இங்கே இல்லை. மூன்றுக்கும் ஒரே மதிப்பு.

‘40 சதவீத வாக்கு, 40 சதவீத ஆசனம்’ என்று நினைப்பதும் தவறு. ஐந்து ஆசன மாவட்டம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நான்கு கட்சிகள் முறையே 1,00,000, 80,000, 60,000, 10,000 வாக்குகள் பெறுகின்றன. கடைசிக் கட்சி 5 சதவீத வெட்டுப்புள்ளிக்குக் கீழே, அதனால் வெளியே. அதிக வாக்குப் பெற்ற முதல் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மிச்சம் 2,40,000 வாக்குகளை மீதமுள்ள நான்கு ஆசனங்களால் வகுத்தால் 60,000. அதன்படி மூன்று கட்சிக்கும் ஒவ்வொன்று. எஞ்சிய ஓர் ஆசனம், மீதி வாக்கு அதிகம் உள்ள முதல் கட்சிக்கே. ஆக 40 சதவீதத்துக்கு மூன்று ஆசனம்! ஒரே ஊரில் நாலைந்து சுயேச்சைக் குழுக்கள் கிளம்பும்போது இந்தக் கணக்கை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆசன எண்ணிக்கையும் நிரந்தரமல்ல. யாழ்ப்பாணத்துக்கு 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6. மாவட்டங்களுக்கான ஆசனங்களில் 160, பதிவான வாக்காளர் தொகையை வைத்தே பங்கிடப்படுகின்றன. வாக்காளர் இடாப்பு திருத்தப்படும்போது உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.