எபிரேய எழுத்துக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

எபிரேயத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்மதிப்பு உண்டு. ஆதியாகமம் 1:1-இன் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் 2701 வர வேண்டும். ஏழு சொற்கள், 28 எழுத்துகள்: 913, 203, 86, 401, 395, 407, 296. இதைக் கூட்ட நீங்கள் எழுதிய கணினி நிரல் 2531 என்று காட்டினால், சொல்லிறுதி எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. காஃப், மேம், நூன், பே, சாதே ஆகிய ஐந்தும் சொல்லின் கடைசியில் வேறு வடிவம் எடுக்கும். யூனிகோடில் அவற்றுக்குத் தனி இடம். 22 எழுத்துக்கு மட்டும் அட்டவணை போட்டிருந்தால் அவை பூஜ்யமாகிவிடும். இந்த வசனத்தில் இறுதி மேம் இரண்டு, இறுதி சாதே ஒன்று. 40 + 40 + 90, ஆக 170 குறைகிறது.

இறுதி வடிவங்களுக்கு 500 முதல் 900 வரை கொடுக்கும் முறையும் உண்டு. அதில் இதே வசனம் 4631. எந்த முறை என்பதைக் கூட்டத் தொடங்குமுன்பே எழுதி வைத்துவிடுங்கள். வசனத்துக்கு வசனம் மாற்றினால் வேண்டிய எண்ணை வரவழைத்துவிடலாம்.

உயிர்க்குறிகளையும் இசைக்குறிகளையும் நீக்கும்போது மக்கேப் என்ற இணைப்புக்கோடும் சேர்ந்து போய், இரண்டு சொற்கள் ஒட்டிக்கொள்ளும். கூட்டுத்தொகை மாறாததால் இது கண்ணில் படாது. சொல் எண்ணிக்கைதான் பிசகும். முதலில் மக்கேப்பை இடைவெளியாக மாற்றிவிட்டு மற்றவற்றை நீக்குங்கள். கையால் கூட்டுகிறவர்கள் தாலேத் (4), ரேஷ் (200) இரண்டையும் மாற்றிப் படித்துவிடுவார்கள்.

பெரிய சறுக்கல் கணக்கு சரியாக வந்த பிறகுதான். 2701 = 37 × 73. 2701 புள்ளிகளைப் பக்கத்துக்கு 73 வரும்படி முக்கோணமாகவும் அடுக்கலாம்; இப்படி அடுக்க முடிகிற எண்ணே முக்கோண எண். எல்லாம் உண்மை. ஆனால் இதை வைத்து ‘தற்செயலாக வரவே முடியாது’ என்று சொல்வது வேறு கூற்று. முந்தைய முக்கோண எண் 2628, அடுத்தது 2775. இந்த அளவுள்ள எண்களில் ஏறத்தாழ 74-இல் ஒன்று முக்கோண எண். எபிரேய வேதாகமத்தில் சுமார் 23,000 வசனங்கள் இருப்பதால், நூற்றுக்கணக்கானவை இப்படி அமையும். முதல் வசனத்துக்குத் தனி இடம் உண்டு என்ற வாதம் நியாயமானதுதான். அப்படியும், முக்கோணம் வராவிட்டால் சதுரம், அறுகோணம், நட்சத்திரம், பகா எண் என்று தேடியிருப்பீர்களா? ஆம் என்றால் அந்தத் தேடல்கள் அத்தனையையும் வாய்ப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1 இராஜாக்கள் 7:23-ஐப் பாருங்கள். சாலொமோனின் வெண்கலக் கடல் தொட்டிக்கு விட்டம் 10 முழம், சுற்றளவு 30. அளவுநூலைக் குறிக்கும் சொல் கோஃப்-வாவ்-ஹே (111) என்று எழுதப்பட்டு, கோஃப்-வாவ் (106) என்று வாசிக்கப்படுகிறது. 111-ஐ 106-ஆல் வகுத்து மூன்றால் பெருக்கினால் 3.1415, பை மறைந்திருக்கிறது என்கிறார்கள். ஒரு கன்கார்டன்ஸை (ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் சொல்லடைவை) எடுத்துப் பார்த்தால் போதும். எரேமியா 31:39-இலும் சகரியா 1:16-இலும் இச்சொல் இதே போல ஹே சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. அங்கே அளக்கப்படுவது எருசலேம் நகரம். வட்டத்துக்கு வேலையே இல்லை. மூன்று வசனம் தள்ளி, 7:26-இல் தொட்டியின் கனம் நாலு விரற்கடை, அதாவது ஒரு கைப்பிடி அகலம், என்று வருகிறது. முழத்துக்கு ஆறு கைப்பிடி அகலம் என்று வைத்து இரு பக்கமும் கழித்தால் உள்விட்டம் 9.67 முழம், உட்சுற்றளவு 30.4. முழம் போட்டு அளப்பவருக்கு அது 30-தான்.

குறிப்பிட்ட எழுத்து இடைவெளியில் தாவித் தாவிப் பெயர் தேடுவதும் இதே ரகம். 1994-இல் ‘ஸ்டாட்டிஸ்டிக்கல் சயன்ஸ்’ இதழில் ஆதியாகமத்தை வைத்து இப்படியொரு கட்டுரை வந்தது. 1999-இல் அதே இதழ் அதற்கு விரிவான மறுப்பை வெளியிட்டது. தேடிய பெயர்களை எந்த எழுத்துக்கூட்டலில் எடுப்பது என்பதில் இருந்த தாராளமே முடிவைத் தீர்மானிக்கப் போதும் என்று அது காட்டியது. தவிர, கையெழுத்துப் படிகளுக்குள் எழுத்து வேறுபாடு உண்டு. நடுவில் ஓர் எழுத்து கூடினாலும் அதைத் தாண்டிப் போகும் இடைவெளிக் கணக்கு குலைந்துவிடும்.

ஆசிரியரே வைத்த அமைப்பைத் தேடுகிறவர்கள் வசனங்கள் எபிரேய எழுத்து வரிசையில் தொடங்கும் அகரவரிசைப் பாடல்களில் தொடங்கலாம். சங்கீதம் 119-இல் 22 எழுத்துக்கு எட்டெட்டு வசனம், மொத்தம் 176. வழக்கமான வரிசையில் ‘ஆயின்’ என்ற எழுத்துக்குப் பிறகுதான் ‘பே’ வரும்; புலம்பல் 2, 3, 4 அதிகாரங்களில் மட்டும் ‘பே’ முன்னால், ‘ஆயின்’ பின்னால். பிழை என்று நினைத்து அட்டவணையைத் திருத்திவிடாதீர்கள்: சீனாய்ப் பகுதியில் குந்தில்லத் அஜ்ருத் என்ற தொல்லியல் இடத்தில் கிடைத்த பழைய அகரவரிசைகளிலும் பே-தான் முதலில் நிற்கிறது.