‘பி’ என்று கண்டால் பியானோவில் என்ன செய்வது

யுனிசா (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்) நடத்தும் இசைத் தேர்வுக்காக என்னிடம் வரும் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிப் பிள்ளைகள், இசைத்தாளில் சாய்ந்த சின்ன ‘பி’யைக் கண்டதும் விரலை நடுங்கி வைப்பார்கள், தாளத்தையும் இழுப்பார்கள். இரண்டுமே வேண்டாம். ‘பி’ என்றால் ‘பியானோ’ என்ற இத்தாலியச் சொல்; இங்கே வாத்தியத்தின் பெயரல்ல, சன்னமாக வாசி என்று அர்த்தம். வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘எம்பி’ ஓரளவு சன்னம், ‘பிபி’ மிகவும் சன்னம். ஒரு ஸ்வரத்தோடு அந்தக் குறி முடிவதில்லை. அடுத்த குறி வரும்வரை நீடிக்கும்.

கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் கம்பியை அடிக்கும்; சத்தம் கூடுவதும் குறைவதும் அந்தச் சுத்தியலின் வேகத்தால்தான். 1700 வாக்கில் இத்தாலியின் ஃபுளோரன்ஸில் கிறிஸ்டோஃபோரி என்ற வாத்தியக் கைவினைஞர் இந்த வாத்தியத்தை உருவாக்கியதே அதற்காகத்தான். அதற்கு முந்தைய, பியானோபோலவே கட்டைகள் கொண்ட ஹார்ப்சிகார்டு கம்பியை மீட்டும். விரலின் அழுத்தத்தால் அதில் ஒலியை அவ்வளவாகக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

ஆகவே இப்படிப் பழகுங்கள். நடு சி-யை (பியானோவின் நடுவாக்கில் உள்ள ‘சி’ ஸ்வரக் கட்டையை) ஒலியே எழாதபடி மிக மெதுவாக அடிவரை இறக்குங்கள். அடுத்த முறை இம்மியளவு வேகம் கூட்டுங்கள், மறுபடியும் கூட்டுங்கள். எந்த வேகத்தில் முதல்முதலாக ஒலி பிறக்கிறதோ அதுதான் அந்தப் பியானோவின் ‘பிபி’. விரல் கட்டையைத் தொட்டபடியே தொடங்கட்டும். மேலிருந்து விழுந்தால் வேகம் கைக்கு அடங்காது. எவ்வளவு சன்னமானாலும் கட்டை அடிவரை போகவேண்டும். பாதியில் விட்டால் ஸ்வரம் விழுங்கிவிடும். டர்பனில் பிப்ரவரிப் புழுக்கத்தில் உள்ளே இருக்கும் கம்பளித்துண்டுகள் ஈரம் குடித்து ஊதும், கட்டைகள் மந்தமாகும். அப்போது பிள்ளையைத் திட்டாமல் டியூனரைக் கூப்பிடுங்கள்.

சன்னமாக்கத்தான் காலால் மிதிக்கும் இடது பெடல் இருக்கிறதே என்பார்கள். கிடையாகக் கம்பி கட்டிய கிராண்ட் பியானோவில் அது சுத்தியல்களைப் பக்கவாட்டில் நகர்த்தும், மூன்று கம்பியில் அடிபடவேண்டியது இரண்டில் படும்; நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோவில் சுத்தியலைக் கம்பிக்கு அருகே கொண்டுவரும். விரல் பழகும்வரை நான் அதைத் தொடவிடுவதில்லை.

இன்னொன்று: எல்லா ஸ்வரத்தையும் ஒரே அளவில் அமுக்கினால் மெட்டு புதைந்துபோகும். பீத்தோவனின் ‘மூன்லைட்’ சொனாட்டாவின் முதல் பகுதிக்கு ‘பிபி’தான் குறி. ஆனாலும் வலது கையில் மூன்று மூன்றாக உருளும் ஸ்வரங்களுக்கு மேலே சுண்டுவிரலின் மெட்டு தனியாகக் கேட்கவேண்டும். கையின் எடையைச் சுண்டுவிரல் பக்கம் சற்றே சாயுங்கள். முதலில் மெட்டை மட்டும், பிறகு மற்றதைக் காற்றில் தொடுவதுபோல.

தேர்வறையில் பியானோ வேறாக இருக்கும். ஸ்கேல் (வரிசையாக ஏறி இறங்கும் ஸ்வரங்கள்) வாசிக்கும்போதே கட்டையின் கனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கனமாக இருந்தால் ‘பிபி’யை ‘பி’ அளவுக்கு ஏற்றி வாசியுங்கள். ஸ்வரம் விழுங்குவதற்கு அது மேல்.