எத்திக்ஸ் ஆபீசர் வேறு, விஜிலென்ஸ் வேறு

தனியார் கம்பெனியில் நடத்தை விதிமீறல்களைக் கவனிக்கும் எத்திக்ஸ் ஆபீசரையும் அரசுத் துறையில் ஊழலைக் கண்காணிக்கும் விஜிலென்ஸ் அதிகாரியையும் ஒரே தட்டில் வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. இருவரிடமும் புகார் போகிறது, சரி. ஆனால் இருவரும் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள்?

பொதுத்துறை வங்கியில் சிவிஓ எனப்படும் தலைமைக் கண்காணிப்பு அதிகாரியை நியமிக்க மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தைக் கலந்தாக வேண்டும். பெரும்பாலும் அவர் வெளியிலிருந்து வருபவர். ஆனால் எத்திக்ஸ் ஆபீசரின் சம்பளமும் பதவி உயர்வும் நிர்வாகத்தின் கையில். எனவே மேலிடத்தின் மீதே புகார் என்றால் அவரிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளில், தக்க காரணம் இருந்தால், கணக்குகளை மேற்பார்வையிடும் இயக்குநர்களின் தணிக்கைக் குழுத் தலைவரையே நேரடியாக அணுக 2013 கம்பெனிகள் சட்டத்தின் 177ஆம் பிரிவு வழி தருகிறது.

நடத்தை விதிகள் அச்சிட்டு மாட்டியிருப்பதைப் பார்த்து நம்பிவிடுவது அடுத்த தவறு. அமெரிக்க எரிசக்தி கம்பெனியான என்ரானிலும் விதிகள் இருந்தன. 1999இல் அதன் நிதித் தலைவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டோ, என்ரானோடு வியாபாரம் செய்யும் கூட்டாண்மைகளைத் தானே நடத்த வசதியாக, இயக்குநர் குழுவே அந்த விதிகளைத் தள்ளிவைத்தது. திருட்டுத்தனமாக அல்ல, முறைப்படி அனுமதி கொடுத்து! 2001இல் கம்பெனி திவால். விதியைத் தளர்த்தும் அதிகாரம் யாருக்கு, தளர்த்தினால் வெளியில் தெரியுமா என்று கேட்காமல் விதிப் புத்தகத்தைப் படித்துப் பயனில்லை.

அரசுப் பக்கம் இதற்கு நேரெதிரான நினைப்பு: ஊழல் கண்காணிப்பு ஆணையமே தண்டித்துவிடும் என்று. ஊழல் தடுப்பை ஆராய்ந்த சந்தானம் குழுவின் பரிந்துரையில் 1964இல் பிறந்த அந்த ஆணையம் ஆலோசனைதான் சொல்லும். நடவடிக்கை எடுப்பது துறை. மாநில அரசு ஊழியர் அதன் வரம்பிலேயே இல்லை. தமிழ்நாட்டில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் லஞ்சம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குத்தான் போக வேண்டும்.

'ஊழல் தடுப்புச் சட்டம் அரசு ஊழியருக்கு மட்டும்தானே' என்பதும் பழைய கதை. 2018 திருத்தத்துக்குப் பிறகு, கம்பெனிக்காக ஒருவர் அரசு ஊழியருக்கு லஞ்சம் கொடுத்தால் கம்பெனிக்கே அபராதம் விழலாம். தடுக்கப் போதிய ஏற்பாடுகள் செய்திருந்ததாக நிரூபித்தால் தப்பலாம். எத்திக்ஸ் பிரிவுகளுக்குத் திடீர் மவுசு வந்ததில் இதற்கும் பங்குண்டு என்பது என் கணிப்பு.

அப்புறம், மொட்டைக் கடிதம். சில கம்பெனிகள் பெயரில்லாப் புகாரையும் வாங்கிக்கொள்கின்றன. ஊழலை வெளியிடுவோரைக் காக்க 2004இல் வந்த மத்திய அரசுத் தீர்மானத்தின்படி ஆணையத்துக்கு எழுதும்போது அது எடுபடாது. பெயரும் முகவரியும் உள்ளே கடிதத்தில் இருக்க வேண்டும், உறையின் மேல் இருக்கக் கூடாது. ஒப்புகைச் சீட்டையும் எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் அடையாளம் கசியாமலிருக்க ஆணையம் அதை அனுப்புவதில்லை.