தண்ணீர்விட்டான் கிழங்கிலிருந்து ஃபிரக்டான் பிரித்தெடுத்து அமைப்பை அறிவது எப்படி

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கும் தண்ணீர்விட்டான் கிழங்குக்கும், சீன மருந்துக் கடைகளில் சீவலாக விற்கும் ஹுவாங் ச்சி வேருக்கும் ஒரே செய்முறையைப் பயன்படுத்தினால் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும். ஹுவாங் ச்சி வேரில் குளுக்கோஸ் கோத்த நீண்ட சங்கிலிகள் (குளுக்கான்) உண்டு. தண்ணீர்விட்டானில் இருப்பவை ஃபிரக்டோஸ் கோத்த குட்டைச் சங்கிலிகள் (ஃபிரக்டான்); முனையிலோ இடையிலோ ஒரேயொரு குளுக்கோஸ் இருக்கும். தொழிற்கல்லூரி மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கிழங்கின் உள்நரம்பை உருவி எறியுங்கள். அது வெறும் நார். மிச்சத்தை 50 பாகை செல்சியஸில் உலர்த்திப் பொடித்து, 20 கிராம் எடுத்து, 200 மி.லி. 95% எத்தனாலில் நீர்த்தொட்டி மேல் 2 மணி நேரம் மீள்கொதிக்க (ஆவி குளிர்ந்து திரும்பக் குடுவைக்குள்ளேயே விழும்படி) விடுங்கள். சப்போனினும் (நுரைக்கும் பொருள்) கொழுப்பும் இதில் போய்விடும். பல செய்முறைகளில் இந்த இடத்தில் 80% எத்தனால் என்றிருக்கும். ஹுவாங் ச்சிக்கு அது சரி. இங்கே சூடான 80% எத்தனால் குட்டைச் சங்கிலிகளையும் கரைத்துக்கொண்டு போகும். தேடிய பொருளே சாக்கடையில் போய்ச் சேரும்.

வடிகட்டிய சக்கையை 400 மி.லி. நீரில், 80 பாகையில், 2 மணி நேரம் ஊறவிட்டு வடியுங்கள். இன்னொரு முறையும் செய்யுங்கள். நீர் புளித்திருக்கக் கூடாது, அமிலம் ஃபிரக்டோஸ் பிணைப்பை எளிதில் அறுத்துவிடும். சாற்றைக் குறைந்த அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டவைத்து, குளோரோஃபார்மும் பியூட்டனாலும் 4:1 கலந்த கலவையை மூன்றில் ஒரு பங்கு சேர்த்து, ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வகக் கூண்டுக்குள் 20 நிமிடம் குலுக்குங்கள். இரு அடுக்குகளுக்கு நடுவே வெள்ளை ஏடு படியும். அதுதான் புரதம். ஏடு தோன்றாத வரை திரும்பச் செய்யுங்கள்.

பிறகு நான்கு மடங்கு குளிர்ந்த எத்தனாலைக் கிளறிக்கொண்டே துளித்துளியாக விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் கோந்துக் கட்டியாகி உப்பையும் உள்ளே பூட்டிக்கொள்ளும். இரவு முழுதும் 4 பாகையில் வைத்து மையவிலக்கியில் சுற்றுங்கள். மேலே நிற்கும் தெளிநீரைக் கொட்ட வேண்டாம், மிகக் குட்டையான சங்கிலிகள் அதில்தான் இருக்கும். படிவை உறைநிலையில் உலர்த்திய உடனே சிலிக்கா ஜெல் உள்ள டெசிகேட்டரில் (ஈரம் புகாத கலன்) மூடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் திறந்து வைத்த தூள் சற்று நேரத்திலேயே கையில் ஒட்டும் பிசினாகிவிடும். அதன்பின் எடை நிறுத்துப் பயனில்லை.

அயோடின் சொட்டினால் நீலம் வந்தால் ஸ்டார்ச் கலந்திருக்கிறது. ரிசார்சினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துச் சூடாக்கச் சீக்கிரமே சிவந்தால் ஃபிரக்டோஸ் உண்டு. பீனால்–கந்தக அமில முறையில் 490 நானோமீட்டரில் அளக்கும்போது ஒப்பீட்டு வரைகோட்டை ஃபிரக்டோஸிலேயே போடுங்கள். ஃபிரக்டோஸும் குளுக்கோஸும் ஒரே அளவு நிறம் தருவதில்லை.

அமைப்பை அறிய டிரைஃபுளூரோ அசெட்டிக் அமிலத்தில் 2 மோலார் செறிவில், 110 பாகையில் உடைப்பது வழக்கம். அந்தச் சூட்டில் ஃபிரக்டோஸ் சிதைந்து, குளுக்கோஸ் மட்டும் மிஞ்சி, "இது குளுக்கான்" என்று தவறான விடை வரும். நீர்த்த அமிலம், குறைந்த சூடு, குறைந்த நேரம் போதும். ஹைட்ரஜன் அணுக்களின் குறிகைகளை முகடுகளாகக் காட்டும் புரோட்டான் என்.எம்.ஆர். அளவீட்டிலும் இதே சிக்கல் உண்டு: ஃபிரக்டோஸின் இரண்டாம் கார்பனில் ஹைட்ரஜனே இல்லாததால், 5.4 பி.பி.எம். (முகட்டின் இடத்தைக் குறிக்கும் அலகு) பக்கம் தெரிவது குளுக்கோஸின் சிறு முகடு மட்டும்தான். 4.1 முதல் 4.3 வரை உள்ள ஃபிரக்டோஸ் முகடுகளின் (மூன்றாம், நான்காம் ஹைட்ரஜன்கள்) பரப்பை இரண்டால் வகுத்து, அதைக் குளுக்கோஸ் முகட்டின் பரப்பால் வகுங்கள். ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை ஃபிரக்டோஸ் என்பது கிடைக்கும். ஒன்றைக் கூட்டினால் சராசரிச் சங்கிலி நீளம்.