பூவை மட்டும் காட்டாதீர்கள்: வீட்டுத்தோட்ட வகுப்பெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரில் ஒரு பள்ளியில் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். மாணவர்கள் ஆர்வத்தோடு கேட்டார்கள். பள்ளிக் கொல்லையில் எலுமிச்சைக் கன்றும் கறிவேப்பிலைக் கன்றும் நட்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் போனபோது கன்றுகள் செழித்திருந்தன, வண்ணத்துப்பூச்சி ஒன்றுகூட இல்லை. இலையைப் புழு கடிக்கிறது என்று வாரந்தோறும் பூச்சிமருந்து அடித்துவந்திருக்கிறார்கள். ஒரு மணி நேரப் பேச்சில் பெரும்பகுதியைப் பூவுக்கும் தேனுக்குமே செலவிட்டு, அந்தப் புழுதான் வண்ணத்துப்பூச்சி என்பதை மனத்தில் பதியும்படி நான் சொல்லாமல் விட்டிருந்தேன். தவறு அவர்களுடையது அன்று.

இப்போது கடலூரிலும் புதுச்சேரியிலும் பள்ளிகள், குடியிருப்போர் நலச்சங்கங்கள், மகளிர் குழுக்கள் ஆகியவற்றில் வீட்டுத்தோட்டம் பற்றிப் பேசப் பலர் முன்வருகிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது, இலையிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான். பூவில் தேன் குடிக்க வரும் வண்ணத்துப்பூச்சி விருந்தாளி. அது முட்டையிட்டுக் குடும்பம் நடத்தும் இடம் இலை. எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிகள் பெயரிலேயே தம் செடியைச் சொல்லிவிடுகின்றன. வெந்தய வரியனுக்கு எருக்கு வேண்டும். சிவப்புடல் அழகிக்கு ஆடுதீண்டாப்பாளைச் செடி வேண்டும். எருக்கைக் களையென்று வெட்டிவிட்டு, தொட்டியில் நாற்பது வகைப் பூ வைத்தாலும் வெந்தய வரியன் அங்கே பெருகாது.

இதைச் சொல்வதைவிடக் காட்டுவது மேல். கறிவேப்பிலைக் கொத்தொன்றைக் கவனித்துப் பாருங்கள். தளிரில் கடுகைவிடச் சிறிய வெளிர்மஞ்சள் முட்டை ஒட்டியிருக்கும். அதிலிருந்து வரும் புழு, தொடக்கத்தில் பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக, அருவருப்பாகத் தோன்றும். அந்தத் தோற்றமே அதற்குக் காப்பு. வளர்ந்தபின் இலையின் பச்சையைப் பூண்டுகொள்ளும். குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற கொம்பொன்றை நீட்டி, நெடியைப் பரப்பும். இதை ஒருமுறை நேரில் பார்த்த குழந்தை அதை நசுக்க விடமாட்டாது. செடி பட்டுப்போகுமே என்று பெரியவர்கள் கேட்பார்கள். வேர்பிடித்த செடி இந்த இழப்பைத் தாங்கும், மீண்டும் தளிர்க்கும், பாதி இலை குழம்புக்கும் மிஞ்சும் என்று பதில் சொல்லலாம்.

அடுத்த தவறு படங்களில் நேர்வது. குளிர்நாடுகளில் எடுத்த படங்களைத் திரையில் ஓடவிட்டு, லாவெண்டரையும் பம்பிள் தேனீயையும் மொனார்க் வண்ணத்துப்பூச்சியையும் காட்டுகிறோம். நம் நாட்டில் பம்பிள் தேனீக்கள் பெரும்பாலும் இமயமலைப் பகுதிகளில் வாழ்பவை. கடலோரச் சமவெளியில் அவை இல்லை. நம் மாநிலத்துக்குள்ளேயே இந்தப் பிழை நேரும். 2019-இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குரியது; கடலூர் மஞ்சக்குப்பத்து மாடியில் அதை எதிர்பார்க்க வைத்தால் கேட்டவர் ஏமாந்துதான் போவார். கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில் நின்று பேசுகிறவர் பாதிரி மரத்தைச் சொல்லாமல் வருவது எனக்கு மனவருத்தம் தரும். ஊரின் பெயரிலும் கோயிலின் தலமரத்திலும் இருக்கிற அந்த மணமுள்ள பூவை, அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் கையில் வைத்துப் பார்த்திருப்பார்கள்?

காலத்தையும் நேரத்தையும் பாராமல் நிகழ்ச்சி வைப்பது மூன்றாவது. உலகத் தேனீ நாள் மே 20. உலகச் சுற்றுச்சூழல் நாள் ஜூன் 5. இரண்டும் நமக்குக் கடும் வெயிற்காலத்தில் வருகின்றன. அன்றைக்கு மேடையில் கன்று கொடுத்தால், வாங்கியவர் நாள்தோறும் நீரூற்றினாலொழிய அது பிழைக்காது. இந்தக் கடற்கரைக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. ஆவணி, புரட்டாசியில் கன்று கொடுத்தால் அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். மே, ஜூனில் பேசுங்கள், படம் காட்டுங்கள், கன்றை மட்டும் தள்ளிவையுங்கள். அதேபோல் பிற்பகல் மூன்று மணிக்கு அரங்கில் உட்காரவைத்துத் தேனீயைப் பற்றிப் பேசுவதைவிட, காலை ஏழு மணிக்குப் பூசணிக் கொடியடியில் நிறுத்திப் பேசுவது பத்து மடங்கு பயன்தரும். பூசணிப்பூ விடியலில் விரிந்து முற்பகலுக்குள் கூம்பிவிடும். சுரையும் புடலையும் பீர்க்கும் மாலையில் விரிபவை. அவற்றில் அந்துப்பூச்சிகளுக்கும் பங்குண்டு. இரவு முழுவதும் மொட்டைமாடியில் வெள்ளை விளக்கெரிப்பவர் அந்துகளைக் கொடியிலிருந்து விளக்கிடம் இழுத்துவிடுகிறார்.

“பூ நிறையப் பூக்கிறது, பிஞ்சு வெம்பி விழுந்துவிடுகிறது” என்ற கேள்வி எந்தக் கூட்டத்திலும் எழும். உரம் போதவில்லை என்று உடனே சொல்லிவிடக் கூடாது. முதலில் ஆண்பூ எது, அடியில் குட்டிக் காய்போல் சூலகம் கொண்ட பெண்பூ எது என்று காட்டுங்கள். பூ விரிந்திருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் எந்தப் பூச்சியும் வந்து மகரந்தத்தைச் சேர்க்காவிட்டால் பெண்பூ வெம்பத்தான் செய்யும். ஆண்பூவைக் கிள்ளி, இதழை நீக்கி, பெண்பூவின் நடுவில் தடவிக் காட்டினால் மூன்றாம் மாடிக்காரருக்கும் வழி கிடைத்துவிடும். அதன்பின், காலையில் மருந்தடித்தால் யாரைக் கொல்கிறோம் என்பதைச் சொல்லலாம். வேப்பெண்ணெய்க் கரைசலாயினும் பூச்சிகள் அடங்கிய பின் மாலையில் தெளிப்பதே நல்லது. மாலையில் பூக்கும் கொடிகளில் விரிந்த பூவின்மேல் படாமல் தெளிக்க வேண்டும்.

தேனீ என்றால் தேன் தருவது மட்டுமே என்ற எண்ணத்தையும் பேச்சாளர்களே வளர்க்கிறோம். கத்தரிப்பூவின் மகரந்தப்பை நுனித்துளை வழியாகத்தான் திறக்கும். பூவைப் பற்றிக்கொண்டு அதிர வைத்தால்தான் மகரந்தம் நன்றாகக் கொட்டும். தேன்கூட்டுத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. தெரிந்தது, கருவண்டு என்று நாம் துடைப்பத்தால் அடிக்கிற தச்சுத் தேனீக்கும், வயிற்றில் நீலப்பட்டை கொண்ட சிறு தேனீக்கும். முன்னது காய்ந்த மூங்கிலையும் பட்ட மரத்தையும் குடைந்து குடியிருக்கும்; பின்னது மண்ணில் வளை தோண்டும். முற்றம் முழுவதும் சிமென்ட் பூசி, பட்ட கிளையெல்லாம் எரித்துவிட்ட வீட்டில் இவற்றுக்கு இடமே இல்லை. ரோஜா இலையில் காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் வட்டமாக வெட்டியிருந்தால் அது நோயன்று. இலைவெட்டித் தேனீ தன் கூட்டுக்கு எடுத்துப்போன துண்டு.

செம்பருத்தியில் அடுக்குப்பூ வகையைப் பரிந்துரைப்பதையும் விட வேண்டும். அடுக்குகளில் பல மகரந்தத் தாள்கள் இதழாக மாறியவை என்பதால் பூச்சிக்குக் கிடைப்பது குறைவு. ஒற்றைச் செம்பருத்தியே போதும். துளசிக் கதிரை முழுக்கக் கிள்ளாமல் கொஞ்சம் விடச் சொல்லுங்கள்.

“தேனீ ஒன்றும் செய்யாது” என்று குழந்தைகளிடம் சொல்லிவிடாதீர்கள். உயரமான கட்டடங்களிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் கூடு தொங்கவிடும் மலைத்தேனீ, கலைத்தால் கூட்டமாக வந்து கொட்டும். பூவில் மேயும் தேனீயைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கூட்டருகே போகக் கூடாது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பறவைக்கும் பூச்சிக்கும் தண்ணீர் வைக்கச் சொல்லும்போதும் இதே கவனம் தேவை: தட்டம் ஆழமில்லாமல், கூழாங்கல் போட்டு, இரண்டு நாளுக்கொருமுறை தேய்த்துக் கழுவி மாற்றப்பட வேண்டும்; இல்லையேல் நாம் வளர்ப்பது டெங்கு கொசுவை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரைகடந்தது இங்கேதான், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். பலாவும் முந்திரியும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களிடம் வீட்டுச் சுவரோரம் பெருமரம் நடுங்கள் என்றால் கேட்கமாட்டார்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானது. நொச்சி, எலுமிச்சை, கறிவேப்பிலை, ஆவாரை என்று உயரம் குறைந்தவற்றைச் சொன்னால் அன்றே இடம் பார்க்கத் தொடங்குவார்கள்.

கடைசியாக, பேசிவிட்டுப் போய்விடாதீர்கள். நான் அந்தப் பள்ளிக்கு மீண்டும் போய், கறிவேப்பிலையில் ஒரு கிளைக்கு மட்டும் சிவப்பு ரிப்பன் கட்டி, இதில் மருந்தடிக்க வேண்டாம் என்று தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டேன். மூன்றாம் முறை போனபோது, ஒரு நூலிழையை இடுப்பில் சுற்றிக்கொண்டு அக்கிளையில் சாய்ந்திருந்த கூட்டுப்புழுவை அவரே என்னை அழைத்துப்போய்க் காட்டினார்.